நெல் விற்ற பணமும் மாணவர் விசாவும்: டெல்டா வீடுகளில் கேட்கும் கேள்விகள்

நான் ஏஜென்ட் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வீட்டில் விவசாயம். என் தங்கையின் பிரிட்டன் விசா விண்ணப்பம் முதல் தடவை நிராகரிக்கப்பட்டு, மறு தடவை கிடைத்தது. அந்த இடைவெளியில் விதிகளை வரி வரியாகப் படிக்க வேண்டி வந்தது. அதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தாலும் ஃபைலோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். தொகைகள் எல்லாம் 2025 கடைசி நிலவரம். வருடா வருடம் ஏறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் அன்று அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்த பிறகுதான் விசா வேலையா? இப்போதே ஏதாவது செய்யலாமா?

விண்ணப்பம் போடுவது இடம் கிடைத்த பிறகுதான். பல்கலைக்கழகம் தரும் காகிதம் இல்லாமல் எதுவும் நகராது: அமெரிக்காவுக்கு ஐ-20, பிரிட்டனுக்கு சி.ஏ.எஸ். எண் என்று நாட்டுக்கு ஒன்று. ஆனால் பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துவிடுங்கள். நமக்கு மண்டல அலுவலகம் திருச்சி; தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும், அதை ரொம்ப முன்னாலேயே எழுதி வீணாக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை என்ன செய்வது?

இனிஷியலாக விடாதீர்கள், விரித்து எழுதுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்திலும், உங்கள் பெயரை முதல் பெயர் என்ற கட்டத்திலும் போடுவது பின்னால் தொல்லையில்லாமல் இருக்கும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் பல்கலைக்கழக அடையாள அட்டை வரைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டு வரும்.

மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் என்று இருப்பது தமிழ்நாட்டில் சகஜம். இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். விரித்து எழுதினால் ஒரு சின்ன நஷ்டம் உண்டு: அங்கே கடிதத்தில் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். எங்கள் கும்பகோணத்து ராமானுஜன் மட்டும் இதில் தப்பித்தார். அப்பா பெயரான ஸ்ரீனிவாச முன்னால் நின்றதால், கேம்பிரிட்ஜ் அவரைச் சொந்தப் பெயராலேயே கூப்பிட்டது.

அம்மா சான்றிதழில் தஞ்சாவூர் மாவட்டம், என் பிறப்புச் சான்றிதழில் நாகப்பட்டினம், ஆதாரில் மயிலாடுதுறை. மூன்றும் ஒரே ஊர்தான். சந்தேகப்பட மாட்டார்களா?

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது 1991-ல். அதிலிருந்து திருவாரூர் 1997-ல். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில். வீடு நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது. இதை அப்படியே இரண்டு வரியில் விளக்கக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். இதற்காக எந்தச் சான்றிதழையும் திருத்தப் போய் மூன்று மாதத்தைத் தொலைக்காதீர்கள்.

அப்பா விவசாயி. வருமான வரி கட்டியதே இல்லை. வருமானத்துக்கு என்ன காட்டுவது?

எங்கள் திண்ணையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் ரிட்டர்ன் இல்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் ஃபைலைப் படிப்பவர் மாதச் சம்பளக்காரர்களின் கணக்கைப் பார்த்துப் பழகியவர். நம் கணக்கு பல மாதம் காய்ந்து கிடக்கும். தை, மாசியில் சம்பா அறுத்ததும் மூன்று லட்சம் மொத்தமாக விழும். கைமாற்று வாங்கி நிரப்பிய கணக்கும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். வித்தியாசத்தைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு நம்மிடம் இருக்கிற நல்ல காகிதம் கொள்முதல் நிலைய ரசீது. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ரசீதில் உள்ள தொகையும் வங்கிப் பட்டியலில் உள்ள வரவும் ஒன்றுக்கொன்று சாட்சி. களத்துமேட்டிலேயே வியாபாரிக்கு ரொக்கத்துக்குக் கொடுத்தால் அந்த நெல் விளைந்ததற்கே தடயம் இல்லை. பிள்ளையை அனுப்பும் எண்ணம் இருந்தால் இரண்டு வருடமாவது பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். இதோடு நில ஆவணங்களான சிட்டா, அடங்கல், தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ். நிலம் உங்களுடையது இல்லை, கோயில் நிலமோ மடத்து நிலமோ குத்தகைக்குச் செய்கிறீர்கள் என்றால் பட்டா உங்கள் பெயரில் இருக்காது; அடங்கலும் குத்தகை ரசீதும் கொள்முதல் ரசீதும்தான் பேசும்.

வருமானச் சான்றிதழில் ஒரு கண்ணி இருக்கிறது. பள்ளி உதவித்தொகைக்காக ஆண்டு வருமானம் 72,000 என்று வாங்கி வைத்திருப்பார்கள். அதையே விசா ஃபைலிலும் வைத்து, பக்கத்தில் பதினைந்து லட்ச ரூபாய் வங்கி இருப்பையும் வைத்தால், கேள்வி கேட்காதவர் அதிகாரியே இல்லை. உள்ளது உள்ளபடி சொல்லிப் புதிதாக வாங்குங்கள். வரி இல்லாவிட்டாலும் விருப்பப்பட்டு ரிட்டர்ன் போடலாம். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐ.டி.ஆர்.-1 படிவம் ஆகாது, 2-ஆம் எண் படிவம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம். இத்தனை ஏக்கர், இன்ன மாதம் விதைப்பு, இன்ன மாதம் அறுப்பு, அதனால் இன்ன மாதங்களில் வரவு. வேலி, மா என்று எழுதிவிடாதீர்கள். மூன்று மா ஒரு ஏக்கர், ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டு அதிகாரிக்குக் குறுவை என்றால் பயிரா ஊரா என்றுகூடத் தெரியாது.

எந்த நாட்டுக்கு எவ்வளவு காட்ட வேண்டும்?

ஜெர்மனிக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ. முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுவிட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வரும். பிரிட்டனில் முதலாண்டுக் கட்டண பாக்கியோடு, வாழ்க்கைச் செலவுக்கு லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, வெளியூர் என்றால் 1,171 பவுண்டு, அதிகபட்சம் 9 மாதத்துக்கு. கனடாவில் கட்டணம் போக 22,895 கனடா டாலர். ஆஸ்திரேலியாவில் கட்டணமும் பயணமும் போக 29,710 ஆஸ்திரேலிய டாலர். அங்கே விசாக் கட்டணமே 2,000 டாலர், கிடைக்காவிட்டால் திரும்பியும் வராது. அமெரிக்காவில் ஐ-20-ல் போட்டிருக்கும் முதலாண்டுத் தொகைதான் கணக்கு. விசாக் கட்டணம் 185 டாலர், செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர் தனி.

என்னைக் கேட்டால், வரி ரிட்டர்ன் இல்லாத விவசாயக் குடும்பத்துக்குக் காகித அளவில் சுலபமானது ஜெர்மனிதான். பணம் முடக்கக் கணக்கில் இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி.

28 நாள் விதி என்கிறார்களே, அது என்ன?

எங்கள் வீட்டில் அடி விழுந்தது இதில்தான். பிரிட்டனுக்குக் காட்டும் தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ரூபாய் குறைந்தாலும் போச்சு. அந்த 28 நாள் முடியும் தேதியும் விண்ணப்பத் தேதிக்கு 31 நாளுக்குள் இருக்க வேண்டும்.

செப்டம்பர் வகுப்புக்கு நாம் விண்ணப்பிப்பது ஜூன், ஜூலையில். மேட்டூர் திறப்பது ஜூன் 12. தண்ணீர் வருகிறது என்றதும் அப்பா நாற்றங்காலுக்கும் உழவுக்கும் அதே கணக்கிலிருந்து இருபதாயிரம் எடுத்துவிட்டார். பத்து நாளில் திருப்பிப் போட்டுவிட்டார், எங்களிடம் சொல்லவும் இல்லை. அவர் மேல் என்ன தப்பு? குறுவை நேரத்தில் பணத்தைச் சும்மா போட்டு வைக்கிற விவசாயி எங்கே இருக்கிறார்? விதியைப் படித்த நான்தான் சொல்லியிருக்க வேண்டும். விசாவுக்கான பணத்துக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள், ஏ.டி.எம். அட்டையை வாங்கிப் பீரோவில் பூட்டுங்கள்.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டிருக்கும் டெபாசிட்டை நம்பாதீர்கள். தொடக்க வேளாண்மைச் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வங்கிகள் அல்ல. முன்கூட்டியே ஒரு வணிக வங்கிக்கு மாற்றி, அதன் பிறகு நாளை எண்ணத் தொடங்குங்கள். நிலம், நகை, சீட்டுப் பணம் எதையும் பிரிட்டன் கணக்கில் எடுக்காது.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா பணம் காட்டுகிறேன் என்கிறார். சரியா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவுக்குக் காட்டலாம், ஆனால் அப்பா இருக்க, சித்தப்பா ஏன் செலவு செய்கிறார் என்ற கேள்விக்கு இயல்பான பதில் இருக்க வேண்டும். பிரிட்டனுக்கு ஆகாது. உங்கள் கணக்கு, அம்மா அப்பா கணக்கு, சட்டப்படியான பாதுகாவலர் கணக்கு, கணவன் மனைவி என்றால் துணைவர் கணக்கு, இவ்வளவுதான். பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் சேர்க்க வேண்டும். சித்தப்பாவுக்கு உண்மையிலேயே மனம் இருந்தால், அண்ணனான உங்கள் அப்பா கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பட்டும். அன்பளிப்பு என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். பிறகு 28 நாள் ஓடட்டும்.

எங்களுக்கு ஆறு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அதை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்க முடியாதா?

ஆறு ஏக்கர் இருந்தும் வங்கியில் கைவிரிக்கிறார்கள் என்று பெரியவர்கள் மனம் நொந்து வருவார்கள். காரணம் இதுதான்: கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமல் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிகளுக்கு வழி செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் கல்விக் கடனுக்கு நஞ்சையைப் பிணையாக எடுக்க வங்கிகள் பொதுவாகத் தயங்கும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ டவுனில் இருக்கும் ஓர் ஓட்டு வீடு, அங்கீகாரம் பெற்ற மனை, வைப்புத்தொகை, எல்.ஐ.சி. பாலிசி இவையெல்லாம் அந்த ஆறு ஏக்கரை விட வங்கிக்கு இனிக்கும். வழக்கமாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால்தான் சொத்துப் பிணை கேட்பார்கள்.

பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இந்தியக் கல்லூரிகளுக்கு மட்டும். ஆனால் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக வெளிநாட்டுப் படிப்புக்கும் கடன் விண்ணப்பிக்கலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. கடன் ஒப்புதல் கடிதம் இருந்தால் பிரிட்டனுக்கு 28 நாள் கவலையும் இல்லை.

பணம் அனுப்பும்போது டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிக்கிறார்களாமே?

ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குப் பிடிப்பார்கள். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து அது கிடையாது. ஜெர்மனி முடக்கக் கணக்குக்கு மட்டுமே பதினோரு லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். வரம்பு பான் எண்ணுக்கு ஒன்று என்பதால் அம்மாவுக்கும் சொந்தப் பணம் இருந்தால் அவர் பங்கை அவரே அனுப்பலாம். பிடித்த பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான். இதுவரை வரி அலுவலகப் பக்கமே போகாத அப்பாவும் அந்த ஒரு வருடம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

"பணம் நாங்கள் காட்டிவிடுகிறோம், வட்டி மட்டும் கொடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். எல்லோரும் செய்வதுதானே?

எழுந்து வந்துவிடுங்கள். பொய்யான ஆவணம் பிடிபட்டால் கனடா 5 ஆண்டு கதவைச் சாத்தும், பிரிட்டன் 10 ஆண்டு, அமெரிக்கா ஆயுளுக்கும். ஏஜென்ட் போர்டை மாற்றி அடுத்த தெருவில் கடை போட்டுவிடுவார். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

நிலமே இல்லை, அப்பா அம்மா நடவு வேலைக்குப் போகிறவர்கள். எங்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியல் சாதியினருக்கும் சீர்மரபினருக்கும் மட்டும் உரியதல்ல. நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், முதுகலை அல்லது பிஎச்.டி. மொத்தமே 125 இடம்தான். அதில் நிலமற்றோர் பிரிவுக்குக் கைவிரலில் எண்ணும் அளவே. ஆனாலும் போடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வி உதவித்தொகையும் உண்டு. உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் அது ஏற்கிற செலவுக்கு வங்கி இருப்புக் கேள்வி எழாது.

ஜெர்மனிக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயமா?

ஆமாம், 2022 நவம்பரிலிருந்து. உங்கள் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவையா என்று டெல்லியில் சரிபார்த்துத் தருவது. கட்டணம் 18,000 ரூபாய். நாள் பிடிக்கும்; பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ.

அரியர் வைத்துத் தேறியிருக்கிறேன், இரண்டு வருடம் வீட்டிலும் இருந்தேன். விசாவில் இடிக்குமா?

அதற்காகவே நிராகரிப்பதில்லை. இரண்டு வருடம் என்ன செய்தீர்கள் என்பதற்கு நேரான பதில் வேண்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வயலைப் பார்த்தேன் என்றால் அதையே சொல்லுங்கள். இல்லாத கம்பெனியில் வேலை பார்த்ததாகச் சான்றிதழ் வாங்காதீர்கள்.

அமெரிக்க நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

இரண்டு மூன்று நிமிடம்தான். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் செலவு செய்கிறார்கள், படித்து முடித்து என்ன செய்வீர்கள். திரும்பி வருவீர்கள் என்று அவரை நம்ப வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. 214(பி) என்று ஒரு சீட்டு கொடுத்தால், அந்த நம்பிக்கை வரவில்லை என்று பொருள். பணமாகக் காட்ட முடியாத நஞ்சைக்கு இங்கே மரியாதை உண்டு: ஊரில் உங்களுக்கு இருக்கும் பிடிமானம் அது.

நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது "அப்பா என்ன செய்கிறார்?" என்ற கேள்வியில். விவசாயம் என்று சொல்லக் கூசி, "பிசினஸ்" என்கிறார்கள். என்ன பிசினஸ் என்று அடுத்த கேள்வி வந்ததும் திணறுகிறார்கள். "நெல் விவசாயி, ஆறு ஏக்கர், வருடத்துக்கு இரண்டு போகம், அரசு நிலையத்தில் விற்கிறோம்" என்று நிமிர்ந்து சொன்னால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்காது. மனப்பாடம் மட்டும் வேண்டாம், உடனே தெரிந்துவிடும்.

சென்னைக்கு எத்தனை தடவை போக வேண்டும்?

அமெரிக்காவுக்குக் கைரேகை எடுக்க ஒரு நாள், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஒரு நாள். பிரிட்டன், கனடாவுக்குக் கைரேகைக்கு ஒரு முறை போதும். பிரிட்டனுக்குக் கூடுதலாகக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், அதுவும் அவர்கள் அங்கீகரித்த மையத்தில் எடுத்தது மட்டும். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியற்காலை எழும்பூர். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், முந்தின நாளே போய்விடுங்கள். தூதரகத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது.

பகுதிநேர வேலை பார்த்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார்களே?

முடியாது. வகுப்பு நடக்கும் காலத்தில் பிரிட்டனில் வாரம் 20 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள். அமெரிக்காவில் 20 மணி நேரம், முதலாண்டில் வளாகத்துக்குள் மட்டும். சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

நிராகரித்துவிட்டார்கள். இனி?

முதலில் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். அழுதுகொண்டே கன்சல்டன்சிக்கு ஓடுவது எல்லோரும் செய்வது, நாங்களும் செய்தோம். பிரிட்டன் எந்த விதியில் தவறினோம் என்று தேதியோடு எழுதியே தரும். அதிகாரி தவறாகப் பார்த்திருந்தால் 28 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். தவறு நம்முடையது என்றால் மறுபரிசீலனையில் காசை விடாமல், சரிசெய்து புதிதாகப் போடுங்கள். நாங்கள் தனிக் கணக்கு தொடங்கி, 29 நாள் காத்திருந்து போட்டோம். அடுத்து எந்த நாட்டுக்குப் போட்டாலும், முன்பு நிராகரிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே எழுதுங்கள்.

அம்மா பெட்டியில் நெய் வைக்கச் சொல்கிறார். கொண்டுபோகலாமா?

பிரிட்டனுக்கு வேண்டாம், இந்தியாவிலிருந்து பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. ஆஸ்திரேலியாவுக்கு என்றால் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் இறங்கும்போது அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள், மறைத்தால் அபராதம். காப்பிப் பொடியும் வற்றலும் என் தங்கை கொண்டுபோனாள். நெய்யை நாங்கள் சாப்பிட்டோம்.